போர்டு போச்சு என்று சொல்வதற்கு முன்னால்...

(இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் பிரிவு, ஒத்தக்கடை)

பாலிடெக்னிக் மலரில் தையல் மெஷினுக்கு என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். ஒத்தக்கடையில் எங்கள் தெருவில் மட்டும் நாலு வீட்டில் தைக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் டிப்ளமோ படிப்பதே எங்கம்மா தைக்கிற பிளவுஸ் காசில்தான். அந்த மெஷின் ரெண்டு நாள் நின்றால் வீட்டில் என்ன ஆகும் என்பது உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முன்பெல்லாம் கால் மெஷின். மதுரை புதுமண்டபத்தில் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து தைத்தவர்களைப் பார்த்திருப்பீர்கள் (அந்தக் கடைகள் பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன). பெல்ட், சக்கரம், எண்ணெய், அவ்வளவுதான் விஷயம். பழுதானால் தைப்பவரே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். இப்போது வீடுகளுக்கு உஷா ஜனோம் போன்ற ஜிக்ஜாக் மெஷின்களும், டேபிளுக்கு அடியில் கன்ட்ரோல் பாக்ஸ் வைத்த சர்வோ மோட்டார் பவர் மெஷின்களும் வந்துவிட்டன. டிஸ்ப்ளேயில் ஏதோ ஒரு எழுத்து மின்னினால் போதும், நம் ஆட்களுக்குக் கை நடுங்குகிறது. "போர்டு போச்சு" என்று யார் சொன்னாலும் நம்பி விடுகிறார்கள்.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தையலைப் போடுவது போர்டு அல்ல. மேல் நூலை ஊசி கீழே கொண்டுபோக, அடியில் சுழலும் கொக்கி அதைப் பிடித்துப் பாபின் நூலைச் சுற்றி இழுக்கிறது. எலியாஸ் ஹோவ் 1846-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய மெஷினும் இப்படி இரண்டு நூலைப் பின்னித்தான் தைத்தது. 1975-இல் சிங்கர் கம்பெனி 'அத்தீனா 2000' என்ற எலக்ட்ரானிக் மெஷினைக் கொண்டுவந்தபோதும் தையல் மாறவில்லை. ஊசி எவ்வளவு தூரம் அசைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று கட்டளை போடும் வேலைதான் போர்டுக்குப் போனது.

ஆகவே தையல் விடுது, நூல் அறுந்து போகுது என்றால் போர்டைத் தொடவே வேண்டாம். ஊசியைக் கழற்றிப் பாருங்கள். வீட்டு மெஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஜிக்ஜாக் மெஷின்களில் பெரும்பாலும் அந்தத் தட்டைப் பக்கம் பின்னால் போக வேண்டும். பவர் மெஷின் ஊசியின் தலை உருண்டை, அதனால் அதைத் திருப்பி மாட்டிவிட வாய்ப்பு அதிகம். நீளப் பள்ளம் இடது பக்கம் பார்க்க வேண்டும். முனை மழுங்கிய ஊசியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தைப்பவர்கள் உண்டு. புது ஊசியின் விலை ஒரு டீயைவிட அதிகமில்லை.

துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுகிறார்கள். பாவம், பெரும்பாலும் குற்றவாளி மேல் நூல்! பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்து நூல் கோத்தால்தான் டென்ஷன் தட்டுகள் திறந்து நூலை உள்ளே வாங்கும். இறக்கி வைத்துக் கோத்தால் நூல் தட்டுகளுக்கு வெளியிலேயே நிற்கும், பிடிப்பு இருக்காது. ஊசித் தட்டைக் கழற்றிப் பல்லுக்கு இடையில் சேர்ந்த பஞ்சையும் பிரஷால் எடுத்துவிடுங்கள். வாயால் ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளேதான் போகும். இவ்வளவுக்குப் பிறகும் தையல் விட்டால் டைமிங்கைப் பாருங்கள். ஊசி அடிவரை போய்ச் சுமார் 2 மி.மீ. மேலே ஏறும்போது கொக்கியின் முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே வந்து சேர வேண்டும்.

மெஷின் ஓடவே இல்லையா? ஜிக்ஜாக் மெஷினில் பாபின் சுற்றும் கம்பி வலது பக்கம் தள்ளியே இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் அது அங்கே இருந்தால் தையல் ஓடாது. மிதிக்காமலே மெஷின் தானாக ஓடுகிறதா? பெடலுக்குள்ளேயே வேகக் கட்டுப்பாடு இருக்கும் மாடல் என்றால் டிரையாக்கையோ அதன் பக்கத்துக் கப்பாசிட்டரையோ சந்தேகப்படலாம். லேபில் நாம் போட்ட ஃபேன் ரெகுலேட்டர் சர்க்யூட்தான் அது.

பவர் மெஷினில் பெடல் ஒயர் முக்கியம். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் வீட்டு மெஷின் மிதித்தால் ஓடும், திடீரென்று நிற்கும். ஒரு கடையில் போர்டு மாற்ற 4,500 ரூபாய் கேட்டார்கள். தைக்க வாங்கிய துணியோ மூட்டையாகக் கிடக்கிறது. எங்கம்மாவுக்கு ஓம் விதி தெரியாது. ஆனால், "டேபிளை நகட்டினதுல இருந்துதாண்டா இப்படிப் பண்ணுது" என்றார்கள். பிளக்கை உருவிவிட்டு, பெடல் கனெக்டரைக் கழற்றி, ஒவ்வொரு கம்பியாக மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பார்த்தேன். ஒயரை வளைத்துக்கொண்டே பார்க்க வேண்டும், அதுதான் சூட்சுமம். மூன்றில் ஒரு கம்பியில் பீப் சத்தம் வந்து வந்து போனது. டேபிள் கால் ஏறி, மேலுறை முழுசாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருந்தது. அந்த இடத்தை வெட்டிச் சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டதில் செலவு முப்பது ரூபாய்க்குள் முடிந்தது.

கன்ட்ரோல் பாக்ஸைத் திறப்பவர்கள் மட்டும் கவனிக்கவும். 230 வோல்ட் ஏ.சி. ரெக்டிஃபை ஆனால் உள்ளே சுமார் 325 வோல்ட் டி.சி. நிற்கும். 470 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் என்றால் அரை சி.வி. ஸ்கொயர் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 25 ஜூல். பிளக்கை உருவிய பிறகும் அது அங்கேயே இருக்கலாம். பத்து நிமிஷம் பொறுத்து, 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட கிளிப்பில் மாட்டி அரை நிமிஷம் வைத்து, மீட்டரில் வோல்ட் இறங்கியதைப் பார்த்த பிறகே கை வைக்கவும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து வீரம் காட்ட வேண்டாம்!

ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் போடுங்கள், செம்புக் கம்பி சுற்றாதீர்கள். புது ஃபியூஸும் உடனே எரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ரெக்டிஃபயரோ மோட்டார் டிரைவரோ ஷார்ட் ஆகியிருக்கும். போர்டு என்ற பேச்சே அப்போதுதான் வர வேண்டும். கடைக்குப் போகும்போது பாக்ஸின் மாடல் நம்பரையும் டிஸ்ப்ளேயில் வந்த எழுத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். அந்தக் கோடு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மெஷினோடு வந்த சின்னப் புத்தகத்தில் இருக்கும். அதைத் தூக்கிப் போட்டிராமல் இருந்தால்.