வாங்குவோரோடு உரையாடும் முறை

நிலத்தைப் பண்படுத்தி, நாற்று நட்டு, நீரிறைத்து, நோய் பீடைகளிலிருந்து காத்து விளைவித்த மரக்கறி, சந்தையில் ஒரு காலைப் பொழுதுக்குள் விற்றாக வேண்டிய பண்டமாகும். வெயிலேறக் கீரை வாடும். பழுத்த தக்காளி மறுநாள் நெகிழும். ஆகையால், விற்கும் முறை அறியாத கமக்காரர் பல மாத உழைப்பின் பயனைச் சில மணி நேரத்தில் இழத்தல் கூடும். விற்பனைக்கு வேண்டியது வாய்ச்சாலகம் அன்று. வாங்குவோர் மனத்தில் நம்பிக்கையை வளர்க்கும் பேச்சேயாகும்.

1. கேட்டறிதல்

வந்தவரை முகமலர்ச்சியோடு வரவேற்று, அவர் எத்தேவைக்கு வாங்குகின்றார் என்பதை முதலில் அறிதல் வேண்டும். வீட்டுக்கு வாங்குபவர் நல்ல காயாக அரைக் கிலோ தேடுவார். சாப்பாட்டுக் கடைக்காரர் நாள்தோறும் தவறாது கிடைக்குமா என்று பார்ப்பார். மொத்த வியாபாரி தூர வழியில் நசியாத காயை நாடுவார். “இன்றைக்குச் சமைக்கவா அம்மா, வைத்திருக்கவா?” என்னும் ஒரு வினாவே போதியது. இன்று சமைப்பவருக்குப் பழுத்த தக்காளியும், வைத்திருப்பவருக்கு நிறம் திரும்பிய காயும் கொடுத்தால் இருவரும் மனநிறைவு அடைவர், பழுத்ததும் தேங்காது.

2. உள்ளதைச் சொல்லுதல்

நல்ல காயை மேலும் புழு குத்திய காயை அடியிலும் வைத்து விற்பவர் ஒருமுறையே விற்பர். எடுத்துக்காட்டாக, 50 கிலோ கத்தரியில் 5 கிலோ புழு குத்தியது எனக் கொள்க. கலந்து வைத்தால், கிலோ 200 ரூபா பெறும் காயை வியாபாரி 160 ரூபாவுக்கே கேட்பார். கிடைப்பது 8,000 ரூபா. பிரித்து வைத்து, “இவை குத்தல் காய்” என்று தாமே கூறி 80 ரூபாவுக்குக் கொடுத்தால், 45 கிலோவுக்கு 9,000 ரூபாவும் 5 கிலோவுக்கு 400 ரூபாவுமாக 9,400 ரூபா கிடைக்கும்.

மருந்து தெளித்த நாளை வினவுவோருக்கு மறைக்காது விடை கூறுதல் வேண்டும். மருந்துப் போத்தலின் சுட்டியில் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்கள் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாட்கள் கழியுமுன் காய் பறித்தலாகாது. வாங்குபவர் அதைத் தம் பிள்ளைகளுக்கே சமைத்துக் கொடுக்கின்றார் என்பதை மறத்தல் தகாது.

நெல் விற்பவர் இனத்தின் பெயர், அறுவடை செய்த நாள், காயவைத்த நாட்கள் ஆகியவற்றைத் தெளிவாகக் கூறுக. ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்பட்ட நெல் களஞ்சியத்திற் பூஞ்சணம் பிடிக்கும். ஈரநெல்லைக் காய்ந்ததெனக் கூறி விற்றவர் அடுத்த போகத்தில் அவ்வியாபாரியை இழப்பர்.

3. விலை பேசுதல்

குறைத்துக் கேட்பவரைக் கடிந்துகொள்ளலாகாது. குறைத்துக் கேட்பது சந்தை வழக்கம். அன்றைய விலையைப் பிற இடங்களில் முன்னரே விசாரித்து வைத்திருப்பவர் அமைதியாகப் பேச இயலும். சில சந்தைகளிற் கழிவு என நிறையில் ஒரு பங்கை நீக்குவதுண்டு. கிலோ 200 ரூபாவுக்குப் பேசி, நூற்றுக்குப் பத்துக் கழிவு விட்டால், உண்மை விலை 180 ரூபாவே. எனவே கழிவையும் விலையோடு சேர்த்து, நிறுக்குமுன்னரே பேசுதல் வேண்டும். தராசு இருவர் கண்ணுக்கும் தெரியும்படி இருத்தல் நன்று.

தம்புள்ளையில் 1999 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையம் போன்ற இடங்களுக்குச் செல்லும் தமிழ்க் கமக்காரர், எண்களையும் காய்களின் பெயர்களையும் சிங்களத்திற் கற்றுக்கொண்டால் தரகரை முற்றாக நம்பியிருக்கவேண்டியதில்லை.

4. குறை கூறுவோர்

நேற்று வாங்கிய காய் பழுதென ஒருவர் வந்தால், அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டல் வேண்டும். தவறு தம்முடையதாயின் மாற்றுக் காய் கொடுத்தல் நன்று. கொடுக்கும் அரைக் கிலோவின் பெறுமதி சிறிது; பலர் முன்னிலையில் வாதாடி இழக்கும் பெயரோ பெரிது.

நினைவிற் கொள்ளவேண்டியவை:

(அ) விலையைச் சொல்லுமுன் தேவையைக் கேட்க.
(ஆ) குறையைப் பிறர் காணுமுன் தாமே காட்டுக.
(இ) கழிவை நிறுக்குமுன் பேசுக.
(ஈ) அடுத்த அறுவடை நாளைக் கூறி விடைகொடுக்க.

இவ்வாறு பழகியவரைத் தேடி வாங்குவோர் வருவர். விலை இறங்கிய நாளிலும் அவருடைய கடகம் வெறுமையாகவே வீடு திரும்பும்.