இரண்டு பூஜ்யங்கள்

அன்புள்ள ஸ்ரீராம்புரம் மாணவிக்கு,

எட்டாம் வகுப்பில் சேர்ந்ததும் வைக்கும் சேதுபந்தத் தேர்வுக்கு எந்த கைடு வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். எதையும் வாங்காதே. இதுவரை படித்ததில் உன் மனத்தில் எது நின்றிருக்கிறது என்று பார்த்து, விட்டுப்போனதைச் சொல்லிக்கொடுத்து, மறுபடி சோதிப்பதற்காகக் கர்நாடகப் பள்ளிகளில் ஏற்பட்ட ஏற்பாடு அது. அதற்கு மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவது, மாத்திரை போட்டு ஜுரத்தை அமுக்கிவிட்டு டாக்டரிடம் நாடி காட்டுவதைப் போன்றது. இதையும் மார்க் வாங்கும் பரீட்சையாகப் பெரியவர்கள் ஆக்கிவிட்டதில் எனக்குக் கோபம் உண்டு. தெரியாததை மார்க் எண்ணிச் சொல்லும். தவறாகத் தெரிந்திருப்பது என்ன என்று சொல்லாது. ஹைதராபாத் குழந்தைகளிடம் நடத்தி 1996-இல் வெளியான ஆய்வில், பூமி தண்ணீர்மேல் மிதப்பதாகப் பலர் எண்ணியிருந்தது தெரிந்தது. 'பூமி உருண்டை' என்று கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லியிருந்தால் இது வெளியே வந்திருக்குமா?

ஒரு கேள்வியை எடுத்துக்கொள். மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்து என்றுதான் பலருக்கும் தோன்றும். இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட் இதைச் சோதித்தார். உலர்த்திய மண் 200 பவுண்டு, அதில் 5 பவுண்டு வில்லோ கன்று, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்தது. மண்ணோ ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ்தான் குறைந்தது. ஆகவே எல்லாம் தண்ணீரே என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்தபின், 1648-இல், இது நூலில் வெளியாயிற்று. முடிவு தவறு. ஈரம் போக மிஞ்சும் கட்டையில் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது. கரி எரியும்போது எழும் வாயுவை ஆராய்ந்தவர், 'கேஸ்' என்ற சொல்லையே உருவாக்கியவர், அந்த வாயு மரத்துக்குள் புகுந்திருக்கும் என்று சந்தேகிக்கவில்லை! நம் தேர்வில் 'தண்ணீர்' என்று எழுதினால் அவருக்குப் பூஜ்யம். விடைத்தாளை வெறுமையாகக் கொடுத்தவருக்கும் அதே பூஜ்யம். முன்னவரிடம் எடை போட்டுப் பார்த்த நியாயம் இருக்கிறது. அவருக்குக் காற்றைக் காட்டினால் போதும். பின்னவருக்கு எங்கே தொடங்குவது என்று ஆசிரியருக்குத் தெரியாது. மார்க் பட்டியல் இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஐம்பது பிள்ளைகளின் நியாயத்தை யார் உட்கார்ந்து படிப்பது என்று கேட்பார்கள். மண், தண்ணீர், காற்று என்று பிள்ளைகள் உண்மையிலேயே நம்புபவற்றையே விடைகளாகக் கொடுத்து, கீழே 'ஏன்?' என்று ஒரு வரி இடம் விட்டால் போதும். விடைகளை எண்ணினாலே வகுப்பின் மனம் தெரியும். குழம்புகிற இடத்தில் மட்டும் அந்த வரியைப் படிக்கலாம்.

தவறான எண்ணத்தைக் கிளறினால் அது ஊன்றிவிடாதா என்பது இன்னொரு ஆட்சேபம். கிளறாவிட்டால்தான் ஊன்றும். ஹார்வர்டில் பட்டமளிப்பு நாளன்று அங்கிருந்தவர்களிடம் கோடை ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்டுப் படமெடுத்தார்கள். படம் 1987-இல் வெளியானது. பூமி சூரியனை நெருங்குவதால் என்றே பலர் பதில் சொன்னார்கள். அத்தனை வருஷப் படிப்பில் யாரும் அந்த எண்ணத்தை வெளியே எடுத்துப் பார்த்ததில்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். உங்கள் ஸ்ரீராம்புரத்தில் ஸ்வெட்டர் போடும் மாதம் அது. நீயும் பூமி நெருங்குவதால்தான் கோடை என்று நினைத்திருந்தால், தேர்வில் அதையே எழுது. உனக்குத் தோன்றிய காரணத்தையும் சேர்த்து எழுது. தமிழில்தான் வருகிறதென்றால் தமிழிலேயே எழுது.

அன்புடன்.