கண்ணுக்குத் தெரியாத கசிவு

கடை நடத்தும் நம்மவர், லாபம் செழித்த ஆண்டிலும் சரக்கை எண்ணி இருப்பெடுக்கத் தவறுவதில்லை. எங்கேனும் கண்ணுக்குத் தெரியாத கசிவு உண்டா என்று அறிவதே அதன் நோக்கம். உடம்பின் விஷயத்திலோ, நோவு கண்ட பிறகே நாம் கணக்குப் பார்க்கிறோம். பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோயைப் பொறுத்தவரை இவ்வழக்கம் பெருநஷ்டத்தில் முடியக்கூடும்.

இந்நோய் ஒரே நாளில் வருவதன்று. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் சிறு சதைக்கட்டியாகத் தொடங்கி, பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்தே புற்றாக மாறுகிறது. அக்காலத்தில் வலி இல்லாமலே இருக்கலாம். ஆயினும் அதிலிருந்து அவ்வப்போது மிகச் சிறிதளவு இரத்தம் கசிவதுண்டு. மலத்தில் கலந்த அந்த இரத்தத்தைக் காட்டிக் கொடுப்பதே இங்கு நாம் பேசும் பரிசோதனை.

இதனால் பலன் உண்டா? அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,551 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 1993இல் வெளியாயிற்று. ஆண்டுதோறும் மலத்தைச் சோதித்தவர்களிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அது பழைய முறை. இறைச்சி உண்டாலும் தவறாகக் காட்டக்கூடியது. இன்றைய 'ஃபிட்' சோதனை மனித இரத்தத்தை மட்டுமே இனங்காண்கிறது. உணவில் பத்தியம் வேண்டியதில்லை. குழலோ ஊசியோ உடம்பில் நுழைவதில்லை. வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பிவிடலாம்.

மலத்திலுள்ள மரபணு மாற்றத்தையும் சேர்த்து ஆராயும் சோதனை அமெரிக்காவில் 2014இல் அங்கீகாரம் பெற்றது. ஏறத்தாழ 10,000 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது, நூறு புற்றுகளில் 'ஃபிட்' 74ஐயும், மரபணுச் சோதனை 92ஐயும் கண்டுபிடிக்கும் விகிதம் தெரிந்தது. ஆனால் புற்றோ முற்றிய கட்டியோ இல்லாதவர்களில் நூற்றுக்கு ஐவரை 'ஃபிட்' வீணே எச்சரித்தது. மற்றது பதின்மூவரை எச்சரித்தது.

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடங்கள் மூன்று.

1. 'இரத்தம் இல்லை' என்ற முடிவு ஆயுளுக்கும் கிடைத்த நற்சான்றிதழ் அன்று. 'ஃபிட்' சோதனையை ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

2. 'இரத்தம் உண்டு' என்றால் புற்று என்று பொருளன்று. பெரும்பாலோருக்குப் புற்று இருப்பதில்லை. ஆனால் குழாய்க் கருவியால் குடலை நேரில் பார்த்தே தீர வேண்டும். அவ்வேளையிலேயே சதைக்கட்டியை அகற்றி, வரவிருந்த நோயைத் தடுக்கவும் முடியும். அதற்கு அஞ்சி, மறுபடி மலத்தைச் சோதித்து 'இல்லை' என்று வரவழைத்துக்கொள்வது, கல்லாவில் விழுந்த துண்டைக் கணக்கில் அழித்தெழுதுவதற்கு ஒப்பாகும்.

3. கண்ணால் இரத்தத்தைக் கண்டவரும், மலப்போக்கு மாறி நீடிப்பவரும், காரணமின்றி மெலிபவரும் இச்சோதனைக்குக் காத்திராமல் நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டும். குடும்பத்தில் இந்நோய் கண்டவர்கள் எந்த வயதில் எச்சோதனை என்பதை அவரிடமே கேட்டறிய வேண்டும்.

நம்மவரில் பலர், 'மூலந்தான்' என்று தாமே தீர்ப்பளித்துக்கொண்டு, வெட்கத்தால் மனைவி மக்களிடமும் சொல்லாதிருக்கின்றனர். கடையை விட்டு அசைய நேரமில்லை என்பது மற்றொரு சாக்கு. சிங்கப்பூரில் 50 வயதிலிருந்து ஆண்டுதோறும் 'ஃபிட்' செய்துகொள்ளும்படி சுகாதாரத் துறையினர் அறிவுறுத்துகின்றனர். மாதிரி எடுக்கச் சில நிமிஷங்களே ஆகும்.

ஆதலால் சகோதரர்களே, இவ்வாண்டுக் கடைக்கணக்கை முடிக்கும் நாளிலேயே இந்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். நம் வீட்டுப் பெரியவர்களையும் பெண்மணிகளையும் பார்க்கச் செய்வோம்.