ஆட்டமில்லா நாள்களின் பயிற்சி

பெங்களூருவில் ஓசூர் சாலையை ஒட்டி ஹெப்பகோடி உள்ளது. அந்நகரின் மைசூர் சாலைப் பக்கத்தில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் அமைந்துள்ளது. 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது இந்திய மகளிர் ஹாக்கி அணியினர் அங்கேயே தங்கியிருந்தனர். டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. போட்டிகள் நின்றன, உடற்பயிற்சி நிற்கவில்லை.

ஹாக்கி ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளை உடையது. வீராங்கனைகள் விரைந்து ஓடுவர், சற்றே நிற்பர், மீண்டும் ஓடுவர். அந்தச் சிறு இடைவெளியில் மூச்சு சீராக வேண்டும். அதற்கான ஆற்றல் போட்டியில்லா மாதங்களிலேயே வளர்கிறது. மிதமான வேகத்தில் நெடுநேரம் ஓடிப் பழகினால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்தும். தசைகள் உயிர்வளியை நன்கு பயன்படுத்தும். சில வாரங்கள் பயிற்சியை நிறுத்தினால் இவ்வாற்றல் குறையத் தொடங்கும்.

குருதி உயிர்வளியைச் சுமப்பதற்கு இரும்புச்சத்து தேவை. மாதவிடாயின்போது பெண்கள் அச்சத்தை இழப்பதால், கீரை, பயறு முதலியவற்றை அவர்கள் தவறாது உண்ணுதல் வேண்டும்.

2021இல் ராணி ராம்பால் தலைமையிலான அணி டோக்கியோவில் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஆயினும் தளரவில்லை. காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என வென்று, முடிவில் நான்காம் இடம் பெற்றது. பதக்கம் கிட்டவில்லை, ஒலிம்பிக்கில் இந்திய மகளிர் ஹாக்கி அணி அரையிறுதியில் ஆடியது அதுவே முதன்முறை.

சொற்பொருள்: குருதி – இரத்தம், உயிர்வளி – ஆக்சிஜன்.

வினாக்கள்
1. நெடுநேர ஓட்டத்தால் இதயம் பெறும் பயன் யாது?
2. வீராங்கனைகளுக்கு இரும்புச்சத்து தேவைப்படுவது ஏன்?
3. 'விரைந்து' என்னும் சொல்லைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.