காரைக்கால் மாங்கனியும் மழலையர் விருந்தும்
(இளம் ஆசிரியை ஒருத்திக்குக் கடிதம்)

அன்புள்ள குழந்தாய்,

காரைக்காலில் மழலையர் பள்ளியொன்றில் ஆசிரியையாக அமர்ந்திருக்கிறாய் என்பதும், வருகிற ஆனிப் பௌர்ணமியையொட்டி உன் வகுப்புக் குழந்தைகளைக் கொண்டு கைவேலை ஏதேனும் செய்வித்து ஒரு சிறு விருந்தும் நடத்த எண்ணியிருக்கிறாய் என்பதும் உன் கடிதத்தால் அறிந்து பரம சந்தோஷம் அடைந்தேன். மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளோடு பழகுவதைச் சுலபமான உத்தியோகம் என்று ஊரார் நினைப்பது வழக்கம். நானோ அதை ஒரு கலை என்றே எண்ணி வந்தவள். ஆகையால் ஒரு கலைஞரிடம் பேசும் மரியாதையோடுதான் உன்னிடம் பேசுகிறேன்.

என்ன சாமான் வாங்கலாம், என்ன பலகாரம் செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால், நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார். கணவன் பரமதத்தன் கடையிலிருந்து அனுப்பிய மாம்பழங்கள் இரண்டு வீட்டில் இருக்க, பசியோடு வந்த சிவனடியாருக்கு இலை போட்ட காரைக்கால் அம்மையாராகிய புனிதவதியார், சோறு மட்டும் பதமாகி, கறியமுது ஆகாதிருந்த அவ்வேளையில், அவரைக் காக்க வைக்க மனமில்லாமல், ஒரு பழத்தை எடுத்து வைத்து உபசரித்தார் என்பது சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் விருத்தாந்தம். பின்னால் நிகழ்ந்த அற்புதத்தையே எல்லோரும் பேசுகிறார்கள்; எனக்கோ அந்த முதற் செய்கையே பெரிதாகப் படுகிறது. வீட்டில் இருப்பதை, பசிக்கும் நேரத்தில், முகமலர்ச்சியோடு எடுத்து வைத்தாலே அது விருந்தாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் எங்கே தேடுவது? அந்த அம்மையாரின் ஊரில் இருந்துகொண்டு, கடையில் விற்கும் கேக்குக்கும் மினுமினுக்கும் தாளுக்கும் நீ ஏன் பணம் செலவழிக்க வேண்டும்?

ஆனிப் பௌர்ணமி மாங்கனி உற்சவத்தில் சிவபெருமான் பிச்சாண்டவராக வீதியுலா வரும்போது இரு பக்கத்து மாடிகளிலிருந்தும் ஜனங்கள் மாங்கனிகளை வாரி இறைப்பதும், கீழே நிற்பவர்கள் அவற்றைப் பிரசாதமாகப் பிடிக்க முண்டியடிப்பதும் உனக்குத் தெரிந்ததே. அந்த நெரிசலுக்குள் சின்னஞ்சிறு குழந்தைகளை வரிசை கட்டி அழைத்துப் போக நினைக்காதே. உற்சவத்தை நீயே வகுப்புக்குள் கொண்டுவந்துவிடு. இறைப்பதற்குக் காகித மாங்கனிகள் இருக்கட்டும்.

காகித மாங்கனிக்கு நம் பாட்டிமார் கூடை செய்த முறையே போதும். பழைய செய்தித்தாளைக் கிழித்துப் போடுவதுதான் முதல் வேலை; குழந்தைகள் எவ்வளவு ஆனந்தமாகச் செய்யும் காரியம் அது என்பதை நீயே பார்ப்பாய். இரவெல்லாம் ஊறிய தாளை, ஊறவைத்த வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுரலில் நீ அரைத்துத் தண்ணீரைப் பிழிந்து கொடுத்தாயானால், பிடித்தால் பிடிபடும் பக்குவத்தில் கூழ் நிற்கும். வெந்தயம் பசையாகவும் பிடித்துக்கொள்ளும், பூச்சியும் அண்டாது. புத்தகம் கட்டுகிறவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம், விரலை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகள் இருக்கும் அறைக்குள் அந்தப் பசை வரவே கூடாது. கூழை உருட்டி, ஒரு பக்கம் மட்டும் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் மாங்காயின் மூக்கு வந்துவிடும். காம்புக்கு ஒரு வேப்பங்குச்சியை ஈரத்திலேயே செருகிவிட வேண்டும். காய்ந்த பிறகு செருகினால் விண்டு போகும். வண்ணத்துக்கு மஞ்சளைக் குழைத்துப் பூசி, கன்னத்தில் செங்காவி தொட்டு வைத்தால் பழுத்த கனியாகிவிடும்.

இங்கேதான் உன் கலைக்குப் பரீட்சை. ஒரு குழந்தையின் மாங்கனி கத்தரிக்காய் போலக் கோணியிருக்கும். இன்னொன்று செய்தது வெறும் உருண்டையாகவே நிற்கும். பெற்றோர் பார்க்க வருகிறார்களே என்ற பயத்தில் உன் விரல்கள் அதைத் திருத்தத் துடிக்கும். திருத்தாதே. தான் பிடித்த வடிவத்தை இன்னொரு கை மாற்றியதைக் குழந்தை அந்தக் கணமே கண்டுகொள்கிறது. கண்டுகொண்டபின் அந்தப் பொருளைத் தன்னுடையது என்று அது எடுத்துக்கொண்டு போவதில்லை, மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறது. 1939-ஆம் வருஷம் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்தகாலம் முழுவதும் நம் தேசத்திலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், வேலையில் ஆழ்ந்திருக்கும் குழந்தையின் குறுக்கே போகாதிருப்பதை ஆசிரியருக்குரிய பெரிய தருமமாகப் போதித்தார். சொல்வதற்கு எளிது, கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு வருஷக்கணக்கான அப்பியாசம் வேண்டும்.

இனி ஆகாரம். தயிர்சாதமும் மாம்பழமும் தவிர வேறு பிரதானம் வேண்டாம். சாதத்தைக் குழைய வடித்து, ஆறியபின் பாலை அதிகமாக விட்டு ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்தால் உச்சிவேளைக்குள் புளிக்காமல் பக்குவமாக இருக்கும். கையைக் கழுவிக்கொண்டு வந்த குழந்தைகளே மர மத்தால் அதைக் கிளறட்டும். ஆனியில் நீலம் மாம்பழம் மலிவாகக் கிடைக்கும். காம்பை அரிந்து பால் வடியவிட்டுத் தண்ணீரில் போட்டு வைத்தபிறகே நறுக்கு, இல்லாவிட்டால் பிஞ்சு உதடுகள் வெந்துபோகும். அடுப்பில்லாத பலகாரம் ஒன்று வேண்டுமானால் பொட்டுக்கடலை மாவுருண்டை இருக்கிறது: சர்க்கரைப் பொடி கலந்த மாவின்மேல் கை பொறுக்கும் சூட்டில் நெய்யை ஊற்றிக் கொடுத்துவிட்டால், உருட்டுவது முழுக்க அவர்கள் வேலை. முழு வேர்க்கடலையும் முழுப் பொட்டுக்கடலையும் இந்த வயதில் புரையேறித் தொண்டையில் சிக்கும். ஆதலால் எதையும் மாவாக்கியே கொடு. வெல்லப்பாகு காய்ச்சும் பொரியுருண்டையைக் கார்த்திகைக்கு நீயே தனியாகச் செய்துகொள். பாகு இருக்கும் இடத்தில் குழந்தைகள் இருக்கலாகாது. வெயிலுக்குப் பானகம் ஒரு குடம் கரைத்து வை.

பரிமாறுவதைப் பற்றி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குழந்தைகள் முதலில் உண்ணக் கூடாது. பள்ளியைப் பெருக்குகிற அம்மாளையும், வாசற்காவல் தாத்தாவையும், குழந்தைகளை விட வருகிற ஆயாக்களையும் பாயில் உட்காரவைத்து, ஒரு குழந்தை இலை போட, ஒன்று தண்ணீர் தெளிக்க, ஒன்று இரண்டு கையாலும் மாம்பழத் துண்டை எடுத்து வைக்க வேண்டும். பாதி சாதம் பாயில் சிந்தும், சிந்தட்டும். தான் பிசைந்ததைப் பெரியவர் ஒருவர் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்து நிற்கும் மூன்று வயதுக் குழந்தையின் முகத்தைக் கண்டபிறகு, விருந்து என்றால் தனக்குக் கிடைக்கும் தின்பண்டம் என்று கற்பிக்க உனக்கு மனம் வராது.

உன் வகுப்பில் முஸ்லிம் குழந்தைகளும் கிறிஸ்தவக் குழந்தைகளும் இருப்பார்கள்; அது அந்த ஊரின் பாக்கியம். ரமலானில் ஒரு தாயாரை அழைத்து நோன்புக் கஞ்சி காய்ச்சச் சொல். மார்கழியில் கிறிஸ்துமஸ் குடிலுக்காகத் தகர டப்பாக்களில் கேழ்வரகு விதைத்து, பசும்பயிர் எழும்புவதைக் குழந்தைகள் நாள்தோறும் பார்க்கட்டும். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவதற்கோ பண்டிகையே தேவையில்லை.

கூழில் பிடித்த கனி உள்ளும் புறமும் உலர, ஆனி வெயிலிலும் மூன்று நாளாவது செல்லும். உள்ளே ஈரம் நின்றால் மஞ்சளுக்கு மேலே பூஞ்சணம் பூத்துவிடும். ஆகவே இக்கடிதம் கண்டவுடன் பழைய தாள்களைச் சேர்க்கத் தொடங்கு. வெந்தயம் கால் படி போதும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மூத்த ஆசிரியை