பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு எந்த ஆயில்?

கடைவீதி நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்த வணிகர்கள் பலர், இப்போது பழைய ஆட்டோமேட்டிக் கார்களை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். வாங்கும்போது டயரைப் பார்க்கிறோம், பெயின்டைப் பார்க்கிறோம், ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுகிறோம். கியர் பெட்டிக்குள் என்ன ஆயில் இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. அந்தப் பெட்டி கெட்டால் ஆகும் செலவு, வண்டிக்குக் கொடுத்த விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டோமேட்டிக் என்பது ஒரே சரக்கு அல்ல. நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் எண்ணெய்தான். இட்லிப் பொடிக்கு விளக்கெண்ணெயை யாரும் ஊற்றுவதில்லை. ஹோண்டா சிட்டியையே எடுத்துக்கொள்வோம். 2008-இல் வந்த மாடலின் ஆட்டோமேட்டிக்கில் 5 கியர் கொண்ட டார்க் கன்வெர்ட்டர் பெட்டி. அதற்கு டி.டபிள்யூ.-1 என்ற ஆயில். 2014-இல் வந்த மாடலில் சி.வி.டி. பெட்டி, அதற்கு எச்.சி.எஃப்.-2. வண்டியின் பெயர் ஒன்றே, கம்பெனி ஒன்றே, ஆயில் வேறு.

ஏன் இந்த வேறுபாடு? டார்க் கன்வெர்ட்டர் பெட்டியில் எஞ்சினின் சக்தியைக் கடத்துவதே ஆயில்தான். கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டைத் தணிப்பதும் அதன் வேலையே. தட்டுகள் இணையும்போது சற்றே வழுக்கிப் பிறகு இறுக வேண்டும். அந்தப் பதத்துக்கென்றே சில பொருள்களைச் சேர்க்கிறார்கள். (1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இதற்குத் திமிங்கில எண்ணெய் சேர்த்தார்கள் என்பது எண்ணெய் வியாபாரிகளுக்குச் சுவையான செய்தி!) சி.வி.டி. பெட்டியிலோ இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. இரும்பும் இரும்பும் வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கேற்ற தனி ஆயில் அது. அங்கே சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பட்டை வழுக்கி, கப்பியில் கீறல் விழும். பிறகு எந்த ஆயிலாலும் பயனில்லை.

2014-இல் செலேரியோவுடன் நம் நாட்டுக்கு வந்த ஏ.எம்.டி. வகை இன்னும் வேறு. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பெட்டிதான். அதற்குக் கியர் ஆயில். கியரை மாற்றும் கருவிக்குத் தனியே ஒரு ஹைட்ராலிக் திரவம்.

உதிரிபாகக் கடையில் "சிவப்பா இருக்கே, இதுவும் அதுவும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்பார்கள். சிவப்பு வெறும் சாயம். ஒழுகினால் எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்து அறிவதற்காகச் சேர்ப்பது. "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று அச்சிட்ட டின்னையும் நாம் ஆதரிப்பதில்லை. டெக்ஸ்ரான்-3 என்ற பெயரைப் பாருங்கள். அந்தத் தரத்துக்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்திவிட்டது. இன்று டின்னில் அந்தப் பெயர் இருந்தால், அது தயாரித்தவர் சொல்லும் சொல் மட்டுமே. லேபிள் எழுதுவது எவ்வளவு சுலபம் என்று நமக்கா தெரியாது? வண்டியின் கையேட்டில் உள்ள தரக் குறியீடு டின்னின் பின்புறத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே முறை. பழைய ஹூண்டாய் ஐ10-இன் 4 கியர் ஆட்டோமேட்டிக்குக்கு எஸ்.பி.-3 என்றால் எஸ்.பி.-3 தான். அந்தக் குறியீட்டை உடைய நல்ல கம்பெனி ஆயிலாக இருந்தால், கார் கம்பெனியின் டின்தான் வேண்டும் என்பதில்லை.

லட்சம் கிலோமீட்டர் ஓடியும் ஆயில் மாற்றாத வண்டியில் இயந்திரம் வைத்து அழுத்தமாகக் கழுவ நாம் சம்மதிக்கமாட்டோம். கீழே திறந்து வடித்து, வடிந்த அளவே புது ஆயில் ஊற்றினால் போதும். டார்க் கன்வெர்ட்டரில் தங்கும் பழைய ஆயில் இதில் வெளியே வராது. எனவே சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் ஒருமுறை மாற்றலாம். வடிந்த ஆயில் கருகிய வாடை அடித்தாலோ, இரும்புத் துகள் மின்னினாலோ, ஆயில் வாங்குமுன் பட்டறையில் பெட்டியைக் காட்டவும்.

அளவு பார்ப்பதிலும் வண்டிக்கு வண்டி வேறுபாடு உண்டு. ஐ10-இல் பெட்டி சூடான பின், எஞ்சின் ஓடும்போதே குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் 5 கியர் பெட்டியில் எஞ்சினை அணைத்து 60 முதல் 90 வினாடிக்குள் பார்க்க வேண்டும். குறைந்தால் கியர் பிடிக்காது; கூடினால் நுரைத்துப்போகும்.