அடித்த ரன் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஃபேன்டசி ஆட்டம் நடத்துகிறவர்கள் வீரர்களின் பெயரையும் ஸ்கோரையும் வைத்தே காசு பார்க்கிறார்களே, அவர்களைக் கேட்க வேண்டாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: அமெரிக்காவில் பேஸ்பாலை வைத்து இந்தச் சண்டை நடந்து முடிந்துவிட்டது. செயின்ட் லூயிஸைச் சேர்ந்த சிபிசி நிறுவனம் 1995 முதல் வீரர்கள் சங்கத்திடம் உரிமம் வாங்கித்தான் ஆட்டம் நடத்தியது. 2005-ல் சங்கம் அந்த உரிமையை மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பின் இணையப் பிரிவுக்கு மொத்தமாகத் தூக்கிக் கொடுத்தது. ஐந்தாண்டுக்கு 5 கோடி டாலர்! சிபிசி கோர்ட்டுக்குப் போனது.

2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதுதான் வேடிக்கை. மிசௌரி சட்டப்படி வீரர்களின் உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் பேச்சுரிமை அதற்கு மேல் என்றது. யார் எத்தனை ஹோம் ரன் அடித்தார் என்பது மறுநாள் பேப்பரில் வருகிற சங்கதி, ஊரறிந்த விஷயத்துக்கு வேலி எதற்கு? வீரர்களுக்குத்தான் நல்ல சம்பளம் வருகிறதே என்று நீதிபதிகள் ஒரு குத்தும் வைத்தார்கள். (எனக்கு அந்த வாதம் அவ்வளவாக ருசிக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவனுக்கு உரிமை இருக்கக்கூடாதா?) 2008-ல் உச்ச நீதிமன்றம் அப்பீலை ஏற்கவில்லை.

நம் நாட்டில் 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றமும், வீரர்களின் டிஜிட்டல் கார்டு வழக்கில், ஏறத்தாழ இதே வழியில்தான் போனது. ஆனால் படத்தைப் போட்டு, 'இவரே எங்கள் ஆப்பை ஆடச் சொல்கிறார்' என்று நம்பவைத்தால் கதை வேறு. அங்கே வீரர் வழக்குப் போடலாம்.